அகலக் கோண லென்ஸ்: ஜூமா, பிரைமா? ஒரு பழைய வழக்கு

காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலில் போன மாதம் நல்லா மாட்டிக்கொண்டேன். 8-ம் நூற்றாண்டுத் தொடக்கத்துப் பல்லவர் கோயில். மதிலை ஒட்டி வரிசையாகச் சிற்றாலயங்கள். அவற்றுக்கும் நடுவிலிருக்கும் கோயிலுக்கும் இடையில் அதிக இடமில்லை. என் கையில் இருந்தது 35 மி.மீ. லென்ஸ். ஒரு சிற்றாலயம் முழுசாக அடங்கணும்னா பின்னால் போகணும். போனால் முதுகில் கல் இடிக்குது. உள்ளே மிஞ்சியிருக்கும் ஓவியத் துணுக்கை எடுக்கலாம்னு பார்த்தால் வெளிச்சம் போதவில்லை. முக்காலி வைக்க முன்அனுமதி வேண்டும், அது என்னிடம் இல்லை.

வீடு திரும்பியதும் ஒரு வைட் லென்ஸ் வாங்கிவிடுவது என்று முடிவு. பட்ஜெட்டுக்கு ஒன்றுதான். 16-35 எஃப் 4 ஜூமா, 20 மி.மீ. எஃப் 1.8 பிரைமா? விசாரித்த இடமெல்லாம் ஒரே பதில்: "பிரைம்தான் சார். ஜூம் ஷார்ப்பா இருக்காது." இந்த வாக்கியம் எங்கிருந்து கிளம்பியது என்று தேடப் போய், லென்ஸ் வாங்குவது பத்து நாள் தள்ளிப் போனது.

அகலமாகப் பார்க்கும் ஆசை ரொம்பப் பழசு. 1900-ல் ஜெர்மனியின் கோயர்ஸ் நிறுவனத்துக்காக எமில் ஃபான் ஹோக் வடிவமைத்த ஹைபர்கான் லென்ஸ் சுமார் 135 பாகையைப் பிடித்தது. ஏறக்குறைய அரைக்கோளமான இரண்டே கண்ணாடிகள். ஆனால் படத்தின் நடுவில் வெளிச்சம் கொட்டும், ஓரம் இருண்டுவிடும். அதற்கு அவர்கள் செய்த வைத்தியம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. லென்ஸுக்கு முன்னால் நட்சத்திர வடிவில் ஒரு குட்டிக் காற்றாடி. ரப்பர் குமிழை அமுக்கினால் அது சுற்றி நடுவெளிச்சத்தை மறைக்கும். பிறகு அதை மடக்கிவிட்டு மிச்ச நேரம் ஒளியை உள்ளே விடுவார்கள்.

அடுத்த சிக்கல் எஸ்.எல்.ஆர். கேமராவோடு வந்தது. 20 மி.மீ. லென்ஸ் என்றால், சாதாரண வடிவமைப்பில் அது ஃபிலிமுக்குச் சுமார் 20 மி.மீ. கிட்டத்தில் உட்காரணும். நடுவில் மிரர் ஏறி இறங்கவோ ஏறக்குறைய இரண்டு மடங்கு இடம் வேண்டும். 1959-ல் நிக்கான் எஃப் கேமராவுக்கு வந்த 21 மி.மீ. லென்ஸை மாட்டணும்னா மிரரை மேலே தூக்கிப் பூட்டிவிட்டு, தனி வியூஃபைண்டரை மேலே செருகிப் பார்க்கணும். எஸ்.எல்.ஆர். வாங்கியதே லென்ஸ் வழியாகப் பார்க்கத்தானே!

இதற்கு வழி முன்பே கிடைத்திருந்தது. பிரான்ஸின் பியேர் ஆஞ்சென்யூ 1950-ல் 35 மி.மீ. லென்ஸ் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்து, ரெட்ரோஃபோகஸ் என்று பேர் வைத்தார். முன்னால் குழிலென்ஸ் தொகுதி, பின்னால் குவிலென்ஸ் தொகுதி. தொலைநோக்கியைத் திருப்பிப் பிடித்த மாதிரி. லென்ஸ் தள்ளியே உட்காரும், பார்வை மட்டும் அகலமாக இருக்கும். கிழக்கு ஜெர்மனியின் ஃப்ளெக்டகான் 25 மி.மீ. இந்த வகைதான். செக் நாட்டு யோசப் கூதெல்கா 1960-களில் ரோமா மக்களை அவர்களுடைய நெருக்கடியான வீடுகளுக்குள் எடுத்தது பெரும்பாலும் அந்த லென்ஸில். அந்தப் பிரைமின் அபெர்ச்சர் வெறும் எஃப் 4. இன்றைக்கு அதே எஃப் 4-ஐ ஜூமில் கண்டால் முகம் சுளிக்கிறோம்.

சரி, ஜூமுக்குக் கெட்ட பேர் எப்படி வந்தது? 35 மி.மீ. ஸ்டில் கேமராவுக்கான முதல் ஜூம் ஃபோக்ட்லாண்டர் ஜூமார், 1959. 36 முதல் 82 மி.மீ. வரை. 1963-ல் நிக்கானின் 43-86 வந்தது. கையடக்கம் என்பதால் அமோகமாக விற்றது. நேர்க்கோடுகள் வளைந்தன, எதிர்வெளிச்சத்தில் படம் வெளுத்தது. கண்ணாடிகள் கூடக்கூட இப்படித்தான். பூச்சில்லாத ஒவ்வொரு பரப்பும் சுமார் 4 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். பென்டாக்ஸ் போன்றவர்கள் 1971 முதல் பல அடுக்குப் பூச்சோடு லென்ஸ் விற்க ஆரம்பித்த பிறகுதான் இது பெரிதும் தணிந்தது. கவனிக்க வேண்டியது, வசவு வாங்கிய அந்த லென்ஸ்கள் எதுவுமே வைட் லென்ஸ் கிடையாது.

வைட் ஜூம் மெதுவாக வந்தது. நிக்கான் 28-45, 1975. கேனான் 24-35, 1978. எண்களைப் பார்த்தால் இதுக்கா ஒரு ஜூம்னு தோணும். ஆனால் 24-ல் 84 பாகை, 35-ல் 63 பாகை. அகலத்தில் ஒவ்வொரு மில்லிமீட்டரும் கனமானது. இவற்றின் உள்ளமைப்பைப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. முன்னால் குழித் தொகுதி, பின்னால் குவித் தொகுதி, இடைவெளியை மாற்றினால் குவியத்தூரம் மாறும். அதாவது ஆஞ்சென்யூவின் அதே ஏற்பாடு, நகர விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். எஸ்.எல்.ஆர். வைட் பிரைமும் வைட் ஜூமும் ஒரு தாய்ப் பிள்ளைகள். 2007-ல் நிக்கான் 14-24 எஃப் 2.8 வந்தபோது, அதே தூரத்துப் பிரைம்களைப் பலர் விற்றுவிட்டு இதற்கு மாறினார்கள். எடை ஏறத்தாழ 1 கிலோ, முன்கண்ணாடி பிதுங்கி நிற்பதால் சாதாரண ஃபில்டர் மாட்ட முடியாது. அது வேற வழக்கு.

ஷார்ப் கணக்கைத் தள்ளிவிட்டால் மிஞ்சுவது இடமும் வெளிச்சமும். இரண்டு மீட்டர் தள்ளி நின்றால், சட்டத்தின் நீளப் பக்கத்தில் 35 மி.மீ.யில் 2 மீட்டர் சொச்சம் அடங்கும், 20-ல் 3.6 மீட்டர், 16-ல் 4.5 மீட்டர். வெளிச்சத்தில் எஃப் 1.8 கிட்டத்தட்ட ஐந்து மடங்கு அதிகம் தரும். ஜூமில் 1/10 நொடி கேட்கும் இடத்தில் பிரைமுக்கு 1/50 போதும். "காலால ஜூம் பண்ணு" என்பார்கள். கால் நகர்ந்தால் பார்வைக்கோணமே மாறிவிடும், தூண் வேறு இடத்தில் வந்து நிற்கும். அதுபோக, நகர எனக்கு அங்கே ஏது இடம்?

நண்பரிடம் 16-35-ஐ இரவல் வாங்கிக்கொண்டு மறுபடி காஞ்சிக்குப் போனேன். முன்பு முதுகில் இடித்த அதே கல்லில் சாய்ந்து, மூச்சைப் பிடித்து 1/10-ல் எடுத்தேன். நாலில் இரண்டு தெளிவு. ஓவியம் நகரப் போவதில்லை, இன்னும் நாலு எடுத்துக்கலாம். ஜூமையே வாங்கிவிட்டேன். தை மாதம் தம்பி கல்யாணம் இருக்கு. மண்டபத்து ராத்திரி வெளிச்சத்துக்கு யாரிடமாவது 20 மி.மீ.யை இரவல் கேட்கணும்.