பல்லாவரத்துக் கல்

சென்னைக்குத் தெற்கே பல்லாவரத்தில், பிரித்தானியப் படையினரின் அணிவகுப்புத் திடலருகே, சரளைக்கல் எடுப்பதற்காக வெட்டிய குழியொன்று இருந்தது. குழியிலிருந்து வாரி எறியப்பட்ட கல்லையும் செம்மண்ணையும் யாரும் ஒரு பொருளாக மதிக்கவில்லை. 1863 ஆம் ஆண்டு மே மாதம் 30 ஆந் திகதி, அக்குவியலிற் கிடந்த ஒரு கல்லை ஓர் இளைஞர் குனிந்தெடுத்தார். அவர் இந்தியப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தைச் சேர்ந்த றொபேட் புறூஸ் பூட். அப்போது அவருக்கு வயது 28.

ஆற்றுநீர் உருட்டிய கல் மழுங்கும். வெயிலிற் பிளந்த கல் தாறுமாறாக உடையும். இக்கல்லிலோ இரு முகங்களிலும் சில்லுகள் ஒழுங்காகப் பெயர்க்கப்பட்டு, ஓரம் கூராக்கப்பட்டிருந்தது. மனிதன் கைபட்டதென்பதிற் பூட்டுக்கு ஐயமில்லை. இந்தியாவில் இனங்காணப்பட்ட முதலாவது பழைய கற்காலக் கருவி அது.

இதனைத் தற்செயல் என்பது பாதி உண்மையே. பிரான்சிலே சொம் ஆற்றுப் படுக்கையிற் கிடைத்த கற்கோடரிகள் மிகத் தொன்மையானவை என்பதை ஆங்கில அறிஞர்கள் 1859 இல் ஒப்புக்கொண்டிருந்தனர். அதன் பின்னரே சரளைக்கற்களை இவ்வாறு உற்றுநோக்கும் வழக்கம் பரவிற்று. அதற்கு முன்னர், 1797 இல், இங்கிலாந்தின் ஒக்சன் என்னுமூரிற் கிடைத்த இத்தகைய கற்களைப் பற்றி யோன் பிறியர் எழுதியபோது, அதனைப் பொருட்படுத்தியோர் அரியர்.

ஆனால் ஒரு குறை. பல்லாவரத்துக் கல் குப்பைக் குவியலிற் கிடைத்தது. நிலத்தில் எந்தப் படையிற் கிடந்ததென அறிய வழியில்லை. பூட் தேடலை நிறுத்தவில்லை. அதே ஆண்டு செப்ரெம்பரில், வில்லியம் கிங்குடன் கொற்றலையாற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள அத்திரம்பாக்கத்தை அடைந்தார். அங்கே ஓடையரித்த நிலத்தில் இத்தகைய கருவிகள் பல கிடைத்தன.

அவற்றின் வயதை அறிய ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு சென்றது. அண்டக்கதிர்கள் நிலத்தின் மேற்பரப்பிற் கிடக்கும் படிகக்கல்லில் அலுமினியம், பெரிலியம் ஆகியவற்றின் அரிய அணுக்களைத் தோற்றுவிக்கின்றன. கல் ஆழப் புதைந்தபின் அவை வெவ்வேறு வேகத்திற் சிதைகின்றன. எஞ்சியவற்றின் விகிதமே காலக்கணக்கு. சாந்தி பப்பு குழுவினர் அத்திரம்பாக்கத்தில் அகழ்ந்தெடுத்த கருவிகளை இவ்வாறு ஆராய்ந்து, ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவையென 2011 இல் வெளியிட்டனர். இன்றைய மனித இனமே தோன்றாத காலம் அது!

பூட் சேர்த்த தொல்பொருள்கள் 1904 இல் சென்னை அரும்பொருட் காட்சிச்சாலைக்குச் சேர்ந்தன. பல்லாவரத்துக் கல்லுக்கோ இவ்வாறு வயது குறிக்க இயலாது. அது கிடந்த படை சரளைக்கு வெட்டிய அன்றே கலைந்துவிட்டது.