பாற்கல்லிலிருந்து லேசர்ச் சில்லு வரை

1903ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ‘ஜியோலொஜிக்கல் மகசின்’ இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியானது. கண்டிக்கு அருகே குருந்தம் தாய்ப்பாறையிலேயே காணப்படுகிறது என்பதுதான் அதில் இருந்த செய்தி. எழுதியவர் ஆனந்த குமாரசுவாமி. பிற்காலத்தில் சிவநடனத்தையும் கண்டிய கைவினைகளையும் உலகத்துக்கு எடுத்துச் சொன்ன அதே குமாரசுவாமிதான். அப்போது இருபதுகளின் நடுவில் இருந்த புவிச்சரிதவியலாளர். இலங்கையின் கனிய அளவைக்குப் பொறுப்பேற்றிருந்தார். அடுத்த ஆண்டு தோரியனைற்று என்ற புதிய கனிமத்தைக் கண்டுபிடித்தார். அந்தப் பெருமையைப் பலரும் சொல்வார்கள். கண்டிக் குருந்தத்தைப் பற்றிய குறிப்பை யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது. இன்று உலகத்தின் ஆய்வுகூடங்களில் நிறம் மாற்றி ஒளிரும் லேசரின் பூர்வீகத்தைத் தேடிப்போனால் இந்தக் கனிமத்தில்தான் வந்து நிற்க வேண்டும்.

குருந்தம் என்பது அலுமினியமும் ஒட்சிசனும் சேர்ந்த பளிங்கு. சுத்தமாக இருந்தால் அதற்கு நிறமே கிடையாது. துளி குரோமியம் சேர்ந்தால் சிவப்புக்கல். தைத்தேனியமும் இரும்பும் சேர்ந்தால் நீலக்கல். சிலிக்கா தாராளமாக இருக்கும் பாறையில் அலுமினியம் வேறு கனிமங்களுக்குள் போய்விடும், குருந்தம் உருவாகாது. ஆகவே அது பிறப்பதற்குத் தனியான இடம் வேண்டும். ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியாவும் இலங்கையும் மடகஸ்காரும் கிழக்கு ஆபிரிக்காவும் அந்தாட்டிக்காவும் ஒரே பெருநிலமாக நெருங்கிச் சேர்ந்த காலத்தில், நமது மலைநாட்டுப் பாறைகள் நிலத்தின் ஆழத்தில் வெந்து நசுங்கின. திகனையில் இன்று வெட்டியெடுக்கப்படும் பளிங்குப் பாறை அப்படி வெந்து மாறிய சுண்ணாம்புப் படிவுதான். அத்தகைய சிலிக்கா குறைந்த பாறைகளிலும் அவற்றின் ஓரங்களிலும் குருந்தம் விளைந்தது.

பிறகு மழையின் வேலை. மலை கரைந்தது. மெல்லிய கனிமங்கள் மண்ணாகிப் போயின. கடினமான குருந்தம் மட்டும் ஆற்றோடு உருண்டு பள்ளத்தாக்குகளில் தங்கியது. மாத்தளைப் பக்கத்திலிருந்து இறங்கி மகாவலியில் சேரும் அம்பன் கங்கை, எலஹெரவில் இப்படிப் படிந்த சரளைப் படையைப் புதைத்து வைத்திருக்கிறது. தொழிலில் இருப்பவர்கள் அதை ‘இல்லம்’ என்பார்கள். குழி வெட்டி, மரச்சட்டம் அடித்து, இல்லத்தை மேலே எடுத்து, மூங்கில் கூடையில் இட்டு நீருக்குள் சுழற்றுவார்கள். பாரமான கற்கள் கூடையின் அடியில் தங்கும். இலங்கையின் இரத்தினங்களில் மிகப் பெரும்பாலானவை இப்படித்தான் கையில் கிடைக்கின்றன. தாய்ப்பாறையில் பார்ப்பது அபூர்வம் என்பதால்தான் குமாரசுவாமியின் குறிப்புக்கு மதிப்பு.

கூடையில் வரும் எல்லாக் குருந்தமும் நீலக்கல் அல்ல. கெவுட என்று ஒரு வகை உண்டு. பார்வைக்கு வெளுத்த, கஞ்சித் தண்ணீர் உறைந்ததுபோன்ற கல். கவ்வியில் பிடித்து டோர்ச் வெளிச்சத்தைப் பின்னாலிருந்து அடித்தால், சில கற்களுக்குள் தேன் கலந்த பழுப்பு ஓடும். அவற்றை ‘டீசல்’ என்பார்கள். முன்னால் பால் மங்கல், பின்னால் டீசல் நிறம்: கைதேர்ந்த வியாபாரி அந்தக் கல்லைக் கீழே வைக்கமாட்டார். ஆனால் 1970கள் வரை அதை எடுப்பாரில்லை. தாய்லாந்து வியாபாரிகள் வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே உலையில் 1,500 பாகைக்கும் மேல் சுட்டு, ஆழ்ந்த நீலக்கற்களாக விற்றார்கள். இங்கேயும் கல் சுடத் தெரியாமல் இல்லை. தேங்காய்ச் சிரட்டைக் கரியும் ஊதுகுழலும் கொண்டு சிவப்புக்கல்லிலிருந்து நீலச் சாயலை நீக்கும் கலை இந்தத் தீவில் பழையது. ஆனால் அந்த அடுப்பின் சூடு கெவுடவுக்குப் போதவில்லை. உயர்வெப்ப உலைகள் இலங்கைக்கு வந்து சேர்வதற்குள் எத்தனையோ கல் கைமாறிப் போய்விட்டது. இதை நினைத்தால் இன்றைக்கும் மனம் ஆறுவதில்லை.

அந்த மங்கலுக்குக் காரணம் தைத்தேனியம். பாறை ஆறும்போது குருந்தத்துக்குள் கரைந்திருந்த தைத்தேனியம் வெளியே தள்ளப்பட்டு, கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாகப் பிரிகிறது. பட்டுநூல் என்று தொழிலில் சொல்வது இந்த ஊசிகளைத்தான். உலைச் சூட்டில் ஊசிகள் கரைந்து தைத்தேனியம் மறுபடி பளிங்குக்குள் போகிறது. ஒட்சிசன் குறைந்த தாழ்த்தும் சூழலில் சுட்டால், பக்கத்தில் இரும்பும் இருந்தால், நீலம் பிறக்கிறது. ஒளி படும்போது இரும்பிலிருந்து ஓர் இலத்திரன் தைத்தேனியத்துக்குத் தாவுகிறது. அந்தத் தாவலுக்காகச் சிவப்பும் மஞ்சளும் உறிஞ்சப்பட, மிஞ்சிய நீலம் நம் கண்ணுக்கு வருகிறது. தாவிய கணத்தில் தைத்தேனியத்தின் மின்னேற்றம் நான்கிலிருந்து மூன்றாகக் குறைகிறது. நீலக்கல்லுக்குள் கணநேரம் மட்டும் தலைகாட்டும் இந்த மூன்றேற்றத் தைத்தேனியத்தை நிரந்தரமாக நிறுத்திவைத்தால் கிடைப்பதுதான் லேசர்ப் பளிங்கு.

உலகத்தின் முதல் லேசரே குருந்தத்தில்தான் பிறந்தது. 1960 மே 16 அன்று தியடோர் மெய்மன் செயற்கைச் சிவப்புக்கல்லைக் கொண்டு அதை இயக்கினார். ஆனால் குரோமியம் தந்தது 694.3 நனோமீற்றர் என்ற ஒரே சிவப்பு. வேறு நிறம் வேண்டுமென்றால் சாயக்கரைசல் லேசர்களை நாட வேண்டியிருந்தது. நச்சுச் சாயம், கசியும் குழாய், அடிக்கடி மாற்ற வேண்டிய திரவம் என்று அந்தக் கருவிகளோடு பட்ட பாடு கொஞ்சமல்ல. 1982இல் மாசசூசெற்ஸிலுள்ள லிங்கன் ஆய்வுகூடத்தில் பீற்றர் மோல்ற்றன் தைத்தேனியம் சேர்த்த குருந்தத்தை லேசராக்கிக் காட்டினார். மூன்றேற்றத் தைத்தேனியத்தின் வெளிக்கூட்டில் இருப்பது ஒரே ஓர் இலத்திரன். அதன் சக்திநிலை சுற்றியுள்ள ஒட்சிசன் அணுக்களின் அதிர்வோடு இறுகப் பிணைந்திருக்கிறது. அதனால் ஒரே கோடாக வெளிவர வேண்டிய ஒளி, 650 முதல் 1,100 நனோமீற்றர் வரை பரந்த பட்டையாக வருகிறது. அந்தப் பரப்பில் வேண்டிய அலைநீளத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

இதற்கு எலஹெரக் கல் உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இயற்கைக் கல்லில் இரும்பும் ஊசிகளும் விரிசல்களும் இருக்கும். லேசர் அவற்றைப் பொறுக்காது. தூய அலுமினியம் ஒட்சைட்டை 2,040 பாகைக்கு மேல் உருக்கி, மிகக் குறைந்த அளவு தைத்தேனியம் சேர்த்து, மெதுவாக ஆறவிட்டுப் பளிங்கை வளர்க்கிறார்கள். இரும்பு இல்லாததால் அது இளஞ்சிவப்பாக இருக்கும். வளர்த்த பிறகும் நான்கேற்றத் தைத்தேனியம் எஞ்சி நின்றால், அது லேசர் ஒளியைத் தானே விழுங்கும். ஆகவே தாழ்த்தும் சூழலில் மறுபடி சுடுகிறார்கள். கெவுட சுடுகிறவர் பட்டறையில் பார்க்கும் அதே வேலை, வேறு நிறத்துக்காக.

இந்தப் பளிங்கு சாதித்தது ஏராளம். பத்து பெம்ரோ செக்கனுக்கும் குறைந்த துடிப்புகளை அது தருகிறது. ஒரு செக்கனின் பத்துக் கோடி கோடியில் ஒரு பங்குதான் ஒரு பெம்ரோ செக்கன். 2005 பௌதிக நோபலில் பேசப்பட்ட ஒளிச்சீப்பு, 2023 நோபலுக்கு வழிவிட்ட 2001ஆம் ஆண்டின் அற்றோ செக்கன் பரிசோதனைகள், எல்லாவற்றிலும் உழைத்தது இதுவே. ஆனால் விலை கடுமை. கிளர்ந்த தைத்தேனியம் சுமார் மூன்று மைக்ரோ செக்கனுக்குள் அடங்கிவிடும். அதற்குள் ஒளியைத் திரட்ட வேண்டுமானால் பச்சை லேசர் ஒன்று பல வாற்று வலுவோடு இடைவிடாமல் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பச்சை லேசரே ஒரு பெரும் செலவு. அதிராத மேசை, குளிர்நீர்க் குழாய், ஆடிகள், வில்லைகள் என்று அறையே நிறைந்துவிடும். மொத்தமாக இலட்சக்கணக்கான டொலர் ஆகும்.

மூன்று மைக்ரோ செக்கன் சிக்கலை அவிழ்க்க இருக்கும் வழி, ஒளியை மிகச் சிறிய இடத்துக்குள் அடைப்பது. இடம் சுருங்கினால் குறைந்த வலுவே போதும். 2023இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஹொங் டாங் குழு, ஒளிச்சுற்றோடு இந்தப் பளிங்கை இணைத்து, வெறும் 6.5 மில்லிவாற்றிலேயே லேசர் பிறக்கச் செய்தது. 730இலிருந்து 830 நனோமீற்றர் வரை அதன் நிறத்தை மாற்றவும் முடிந்தது. அடுத்த ஆண்டு ஸ்டான்போர்டில் யெலெனா வுச்கோவிச் குழு இன்னொரு வழியில் போனது. சிலிக்கன் ஈரொட்சைட்டுப் படையின்மேல் தைத்தேனியக் குருந்தத்தை ஒட்டி, சில நூறு நனோமீற்றர் தடிப்பு மட்டும் மிஞ்சும்வரை தேய்த்து, அதில் சுருள்வழியாக ஒளிப்பாதை செதுக்கி, லேசர்ச் சில்லாக்கினார்கள். அலைநீளத்தை மாற்ற ஆடி திருப்பத் தேவையில்லை. பாதையின்மேல் வைத்த நுண்சூடாக்கியே போதும். பழைய கருவியைவிடப் பத்தாயிரம் மடங்கு சிறியது, ஆயிரம் மடங்கு மலிவு என்பது அவர்கள் சொல்லும் கணக்கு.

அந்தத் தேய்ப்பு சாதாரணமல்ல. மோஸ் அளவில் குருந்தம் ஒன்பது. அதற்கு மேல் வைரம்தான். கண்டியில் பட்டை தீட்டுகிறவர் ஒரு கெரட் குறைந்தாலும் கவலைப்படுவார்; எந்தக் கோணத்தில் வெட்டினால் எடை தங்கும் என்று கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். சில்லு செய்கிறவர் கல்லின் பெரும்பகுதியைத் தூளாக்கிவிட்டு, தலைமயிரைவிட நூறு மடங்குக்கும் மேல் மெல்லிய ஏட்டை மட்டும் வைத்துக்கொள்கிறார். மிஞ்சிய ஏட்டின் மேற்பரப்பு சற்றுக் கரடானாலும் ஒளி சிதறி வீணாகும்.

கண்டிக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்டால், கல் இருக்கிறது என்று சொல்லமாட்டேன். சில்லுக்கு நமது கல் தேவையில்லை. இருப்பது குருந்தத்தைப் பற்றிய அறிவு. பேராதனைப் பல்கலைக்கழகப் புவிச்சரிதவியல் துறையும் ஹந்தானை அடிவாரத்து அடிப்படைக் கற்கைகள் நிறுவகமும் நமது இரத்தினங்களைப் பல்லாண்டாக ஆராய்ந்து வந்திருக்கின்றன. சி. பி. திசாநாயக்கவும் எம். எஸ். ரூபசிங்கவும் 1993இல் இரத்தினப் படிவு வரைபடம் ஒன்றை வெளியிட்டார்கள். கெவுடவை எந்தச் சூழலில் எவ்வளவு நேரம் சுட வேண்டும் என்பதைக் கைப்பழக்கத்தில் அறிந்த உலைக்காரர்கள் இந்தத் தீவில் இருக்கிறார்கள். இரண்டு தரப்பும் சந்திப்பது குறைவு. சந்திக்க வேண்டும் என்பது என் வலுவான எண்ணம். மேசை நிறைந்த லேசரை நம் பல்கலைக்கழகம் ஒன்று வாங்குவது கடினம்; சில்லின் விலை இறங்கினால் இளமாணி மாணவரும் அலைநீளத்தைத் தன் கையால் திருப்பிப் பார்க்கலாம்.

பயணம் இன்னும் முடியவில்லை. ஸ்டான்போர்டுச் சில்லுக்குப் பச்சை ஒளி இன்னும் வெளியிலிருந்துதான் வருகிறது. நான்கு அங்குல வட்டத் தகட்டில் ஆயிரக்கணக்கில் இத்தகைய லேசர்களை வார்க்கலாம் என்று அந்தக் குழு சொல்கிறது. அப்படி வார்க்க வேண்டுமென்றால் தகடு முழுவதும் தைத்தேனியம் ஒரே சீராக, மூன்றேற்றத்திலேயே நிற்க வேண்டும். ஓரிடத்தில் நான்கேற்றம் கூடினாலும் அங்கே பிறக்கும் லேசர் மங்கிவிடும். சூடும் வாயுவும் நேரமும் எந்த அளவில் கூடினால் அந்தச் சீர் கிடைக்கும் என்பது உலையடியில் தீர்க்க வேண்டிய கேள்வி.