எலி சொன்ன எண்ணும் வார்டு சொன்ன எண்ணும்: பாராகுவாட்டின் கதை

நைட் டியூட்டியில் நான் வெறுக்கிற டெஸ்ட் ஒண்ணு இருக்கு. நோயாளியின் சிறுநீரில் கொஞ்சம் சோடியம் பைகார்பனேட், கொஞ்சம் சோடியம் டைதயோனைட் போடுவோம். நீலமாக மாறினால் உள்ளே போயிருப்பது பாராகுவாட். நீலம் அடர்த்தியாக ஆக, நம்பிக்கை குறையும்.

சில மாசத்துக்கு முன்னாடி ஒருத்தர் வந்தார். முப்பது வயசுகூட ஆகலை. கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைத்திருந்த களைக்கொல்லியைத் தெரியாமல் குடிச்சிட்டார். வாயில் எரிச்சல், ரெண்டு வாந்தி. மத்தபடி கட்டிலில் உட்கார்ந்து நல்லா பேசிக்கிட்டிருந்தார். "சார், தம்பி தெளிவாத்தானே இருக்கான், நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிடுவீங்களா?" என்று அண்ணன் கேட்டார். என் கையில் இருந்த ட்யூப் கருநீலம். மூணாவது நாள் கிட்னி, அப்புறம் நுரையீரல். ஒன்பதாவது நாள் தம்பி இல்லை.

கிளம்பும்போது அண்ணன் கேட்ட கேள்விக்காகத்தான் இந்த இழை. "புல்லு மருந்துதானே சார்? பூச்சி மருந்து அளவுக்கு விஷம் இல்லைன்னு சொன்னாங்களே?"

அப்படிச் சொன்னது கடைக்காரர் மட்டும் இல்லீங்க. அதுக்குப் பின்னாடி ஒரு எண் இருக்கு.

பாராகுவாட் புதுசு இல்லை. 1882லேயே வேதியியலாளர்கள் தயாரித்துவிட்டார்கள். 1933ல் மைக்கேலிஸ் அதை ஆய்வகச் சாயமாகப் பயன்படுத்தினார். எலக்ட்ரானை வாங்கினால் நீலமாகும் என்பதுதான் அதன் சிறப்பு. (ஆமாம், எங்க வார்டு டெஸ்ட் அந்த நீலம்தான்.) 1955ல் இங்கிலாந்தில் ஐசிஐ நிறுவனத்தின் ஜீலாட்ஸ் ஹில் ஆய்வு நிலையத்தில்தான் இது களையைக் கொல்லும் என்று கண்டுபிடித்தார்கள். இலையின் பச்சையத்தில் ஓடும் எலக்ட்ரானைப் பிடுங்கி ஆக்சிஜனிடம் கொடுக்கும். அந்த ஆக்சிஜன் வெறி பிடித்த மாதிரி செல்லைக் கிழிக்கும். வெயிலில் சில மணி நேரத்தில் களை கருகிடும். மண்ணில் விழுந்தால் களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு செயலிழந்துவிடும். 1962ல் சந்தைக்கு வந்தபோது, நியாயமாகப் பார்த்தால், இது நல்ல மருந்தாகத்தான் தெரிந்திருக்கும்.

1966லேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் மரணங்கள் பதிவாகின. நியூசிலாந்தில், தவறுதலாகக் குடித்தவர்கள்.

சரி, அந்த எண் எது? எல்டி50. சோதனை விலங்குகளில் பாதியைக் கொல்லும் அளவு. எண் சிறுசாக இருந்தால் விஷம் பெருசு. 1927ல் டிரெவன் இதைக் கொண்டுவந்தது பூச்சிமருந்துக்காக இல்லை. டிஜிட்டாலிஸ், இன்சுலின் மாதிரி மருந்துகளின் வீரியத்தை ஒரே அளவுகோலில் அளக்கத்தான். 1975ல் உலக சுகாதார நிறுவனம் பூச்சிமருந்துகளையும் களைக்கொல்லிகளையும் ஆபத்து வாரியாகப் பிரித்தபோது, எலியின் எல்டி50தான் அடிப்படை ஆனது.

இப்ப இதைக் கவனிங்க. அந்தப் பட்டியலில் குளோர்பைரிபாஸுக்கு 135, பாராகுவாட்டுக்கு 150. கிலோவுக்கு மில்லிகிராம் கணக்கு. ரெண்டும் ஒரே வகுப்பு, "மிதமான ஆபத்து". பாராகுவாட்டின் தாமத பாதிப்பு பற்றி ஒரு குறிப்பு உண்டு, ஆனா வகுப்பு மாறலை. எலிக்கணக்கில் பாராகுவாட் கொஞ்சம் சாதுகூட!

மனுஷனில்? இலங்கையில் ரெண்டு கிராமப்புற மருத்துவமனைகளில் 2002 முதல் 2008 வரை, என்னை மாதிரி வார்டு டாக்டர்கள் ஒவ்வொரு நோயாளியும் எதைக் குடித்தார், பிழைத்தாரா என்று எழுதி வைத்தார்கள். குளோர்பைரிபாஸில் இறந்தவர்கள் சுமார் 8 சதவீதம். பாராகுவாட்டில் 40 சதவீதத்துக்கு மேல்.

எலி பொய் சொல்லலை. நாமதான் அதுகிட்ட வேற கேள்வி கேட்டோம். கூண்டில் இருக்கும் எலிக்கு அட்ரோபின் கிடையாது, வென்டிலேட்டர் கிடையாது. குளோர்பைரிபாஸ் குடித்தவருக்கு ரெண்டும் உண்டு, அதனால் நிறைய பேரைக் காப்பாத்திடுறோம். பாராகுவாட்டுக்கு மாற்று மருந்தே இல்லை. நம்ம நுரையீரல் செல்கள் அதை வேறொரு பொருள் என்று நினைத்து ரத்தத்திலிருந்து இழுத்து உள்ளே சேர்த்துக்கொள்ளும். ஆக்சிஜன் நிறைந்த இடம் வேற. மூச்சுத் திணறுகிறவருக்கு ஆக்சிஜன் கொடுக்கக்கூடத் தயங்குகிற ஒரே விஷம், கிட்டத்தட்ட, இதுதான். கொடுத்தால் எரிகிற நெருப்பில் எண்ணெய். இன்னொண்ணு, கினிப்பன்றிக்கும் குரங்குக்கும் எலியைவிட ரொம்பக் குறைந்த அளவே போதும். அளவுகோலுக்கு எலியைத் தேர்ந்தெடுத்ததும் ஒரு முடிவுதானே.

நிறுவனம் சும்மா இருந்துச்சான்னா, இல்லை. வாந்தி வரவைக்கும் மருந்தைக் கலந்தார்கள், நாற்றம் சேர்த்தார்கள். வயிற்றில் கெட்டியாகும் புதிய கலவை 2004ல் இலங்கைக்கு வந்தது. பிழைத்தவர்கள் 27 சதவீதத்திலிருந்து 37 ஆனார்கள். அதாவது அப்பவும் 100க்கு 63 பேர் இறந்தார்கள். 2008லிருந்து 2011க்குள் இலங்கை பாராகுவாட்டையும் டைமெத்தோயேட், பென்தியானையும் படிப்படியாக நிறுத்தியது. அதுக்கப்புறம் தற்கொலை விகிதம் இன்னும் குறைஞ்சது. விளைச்சல் விழலை.

இப்ப புது மூலக்கூறு வந்தால், அதன் வடிவத்தை மட்டும் பார்த்து நஞ்சைக் கணிக்கும் கணினி மாதிரிகள் இருக்கு. எலிகள் சாவது குறையும், அது நல்லதுதான். ஆனா அந்தக் கணினிக்குப் பாடமாகக் கொடுத்தது பெரும்பாலும் பழைய எலி எண்கள். 150ஐத் துல்லியமாக 150 என்று கணித்தால் அதற்கு நூற்றுக்கு நூறு மார்க். வார்டின் கேஸ் ஷீட் அதற்குப் போய்ச் சேர்வது அபூர்வம்.

அண்ணனுக்கு இவ்வளவும் அன்னைக்கு நான் சொல்லலை. சொன்னது இதுதான், உங்களுக்கும் சொல்றேன். களைக்கொல்லி வாய்க்குள் போயிருந்தா, ஆள் எவ்வளவு தெளிவா பேசினாலும் விடியட்டும்னு காத்திருக்காதீங்க. உடனே கூட்டிட்டு வாங்க. அந்தப் பாட்டிலையும் கையோட எடுத்துட்டு வாங்க.