கிராஸின் வெங்காயம்: பிந்திய ஒப்புதலும் பொதுநினைவும்

தாம் பதினேழு வயதில் ஹிட்லரின் வாஃபன் எஸ்எஸ் படையில் இருந்ததை ஜெர்மானிய எழுத்தாளர் குந்தர் கிராஸ் 2006 ஆகஸ்டில் ஒரு நாளிதழ் நேர்காணலில் சொன்னார். அப்போது அவருக்கு வயது 78. நோபல் பரிசு பெற்று ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. நாஜிக் காலத்தை மூடி மறைக்காதீர்கள் என்று ஜெர்மானியரை விடாமல் வற்புறுத்திவந்தவர் அவர். ஆகவே, கண்டனங்களில் பல 'பாசாங்கு' என்ற சொல்லோடு நின்றுவிட்டன. அந்தச் சொல் போதாது. அவருடைய மௌனத்தால் அவர் பெயர் இழந்ததைவிட ஜெர்மனியின் பொதுநினைவு இழந்தது அதிகம் என்பதே என் வாதம்.

முதலில் குற்றத்தின் அளவைப் பார்ப்போம். கிராஸ் 1927இல் டான்சிக்கில் பிறந்தவர். பதினைந்து வயதில் நீர்மூழ்கிப் படையில் சேரத் தாமே முன்வந்து, ஏற்கப்படாமல் திரும்பியவர். 1944இல் எஸ்எஸ்ஸின் பத்தாவது கவசப் பிரிவுக்கு எடுக்கப்பட்டு, 1945 ஏப்ரலில் காயமடைந்து அமெரிக்கர்களிடம் கைதியானார். எஸ்எஸ்ஸைக் குற்ற அமைப்பு என்று அறிவித்த நியூரம்பர்க் போர்க்குற்ற விசாரணையின் தீர்ப்பே, வேறு வழியின்றி அதில் சேர்க்கப்பட்டுக் குற்றமேதும் செய்யாதவர்களுக்கு விலக்கு அளித்தது. அமெரிக்கக் கைதிப் பதிவில் அவருடைய படைப்பிரிவு எழுதப்பட்டிருந்தது. அந்தத் தாள் பெர்லின் ஆவணக் காப்பகம் ஒன்றில் கிடந்தது. தேடிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

நேர்காணலில் சொன்னதை விரிவாக எழுதிய அவருடைய தன்வரலாற்று நூலின் தலைப்பு 'வெங்காயம் உரிக்கையில்'. உரிக்க உரிக்க உள்ளே ஒன்றுமில்லை என்பதற்கு நாம் வெங்காயத்தைச் சொல்வோம். கிராஸுக்கோ ஒவ்வொரு தோலிலும் எழுத்து இருக்கிறது. இந்த வெங்காயம் 1959இல் வந்த அவருடைய 'தகர முரசு' நாவலிலேயே இருக்கிறது. போருக்குப் பிந்திய டுசல்டார்ஃபில் ஒரு நிலவறை விடுதி. வருகிறவர்களுக்குச் சாப்பாடு கிடையாது. பன்றி வடிவிலும் மீன் வடிவிலும் செய்த சிறு பலகைகள், கத்தி, ஆளுக்கொரு வெங்காயம், அவ்வளவுதான். நறுக்குகிறார்கள், கண்ணில் நீர் வருகிறது, நீர் வந்ததும் வாய் திறக்கிறது. தானாக அழ முடியாமற்போன ஒரு சமூகத்தை இதைவிடக் கூர்மையாக யாரும் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை. இதை எழுதியபோது அவருக்கு வயது முப்பத்தொன்றைத் தாண்டவில்லை. தம்முடைய வெங்காயத்தை நறுக்க இன்னும் 47 ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். மறைத்த வலிதான் அந்தக் காட்சியை எழுதவைத்தது என்று நிறுவ முடியாது. ஆனால் 2006க்குப் பிறகு அந்த அத்தியாயத்தைப் பழையபடி வாசிக்கவும் முடியவில்லை.

பேசியிருக்க வேண்டிய தருணம் 1985 மே. மேற்கு ஜெர்மனியின் பிட்பர்க் இராணுவக் கல்லறைக்கு அமெரிக்க அதிபர் ரீகனும் மேற்கு ஜெர்மனியின் தலைமை அமைச்சர் ஹெல்முட் கோலும் சென்றார்கள். அங்கே வாஃபன் எஸ்எஸ் வீரர்களும் புதைக்கப்பட்டிருந்தனர். அந்த இளைஞர்களும் நாஜி வதைமுகாம்களில் மாண்டவர்களைப் போலவே பலியானவர்கள்தாம் என்ற பொருளில் ரீகன் பேசியிருந்தார். வருகையைக் கண்டித்தவர்களில் கிராஸும் ஒருவர். கண்டனம் நியாயமானது. 'அந்தக் கல்லறைகளில் ஒன்றில் நானும் கிடந்திருப்பேன்' என்று அவர் அன்று சேர்த்துச் சொல்லியிருந்தால், பலி என்ற ரீகனின் எளிய சமாதானமும் நின்றிருக்காது. குற்றம் முழுவதையும் பிறர்மேல் வைத்துவிட்டு நகர்வதும் நடந்திருக்காது. அந்தப் படையின் பெயர் சிறுவயதில் தமக்கு அருவருப்பூட்டவில்லை, சிறந்த படை என்றே தோன்றியது என்று நூலில் ஒத்துக்கொள்கிறார். ஒரு சிறுவனுக்கு அது எப்படி அவ்வாறு தோன்றியது, வீட்டிலும் பள்ளியிலும் அவன் காதில் விழுந்தது என்ன என்பதே அன்று கேட்டிருக்க வேண்டிய கேள்வி. 1985இல் கேட்டிருந்தால் பதில் சொல்ல அந்தத் தலைமுறையின் பெற்றோர்களிலும் ஆசிரியர்களிலும் பலர் உயிரோடு இருந்தார்கள். 2006இல் அநேகமாக யாரும் இல்லை.