அல்சூர் வீட்டு வாயிலின் அஞ்சல் பெட்டி

பெங்களூரில் 1809இல் கண்டோன்மென்ட் அமைந்தபின், சென்னைப் படையைச் சார்ந்து வந்த தமிழர் பலர் அல்சூரிலும் சுற்றுப்புறங்களிலும் குடியேறினர். அன்று வீட்டு வாயிலில் கடிதப் பெட்டி பொருத்தியிருந்தாலும் பெரிதும் பயன்பட்டிராது. தூரத்திற்கேற்ப மாறிய கட்டணத்தைப் பெறுபவரிடமே வசூலிக்கும் வழக்கம் இருந்தது. ஆகவே கதவருகே ஓர் ஆள் வேண்டும். 1854இல் நாடெங்கும் அஞ்சல்தலை வந்தது. கால் தோலாக் கடிதம் எவ்வளவு தூரம் சென்றாலும் அரையணா; தலை ஒட்டாவிடில் இருமடங்கு. பணத்தடை நீங்கியும் எழுத்துத்தடை நீங்கவில்லை. எழுத்தறியாதார் வீட்டில் தபால்காரரே கடிதத்தைப் படித்துக் காட்டினார். 1972இல் அஞ்சல் குறியீட்டு எண் அறிமுகமானது. இன்று 560008 என்ற முகவரியோடு வரும் கடிதத்தை வாயிற்பெட்டி மௌனமாக ஏற்கிறது. அம்மௌனத்தின் பின்னே அஞ்சல்தலையும் எழுத்தறிவும் இருக்கின்றன. வாசலில் நின்று வாசித்த குரலின் மறைவும் இருக்கிறது.