வரைந்த ராமன் வந்த வழி

உத்தரப் பிரதேசத்தில் ராமாயண ஊர்களின் தடயங்களைத் தேடி பி.பி. லால் நடத்திய அகழாய்வைப் படம்பிடிக்க 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானிலிருந்து ஓர் ஆவணப்பட இயக்குநர் வந்தார். பெயர் யூகோ சாக்கோ. எடுக்க வேண்டிய ஆவணப்படத்தை எடுத்து முடித்தார். ராமாயணம் மட்டும் அவரை விடவில்லை. ஜப்பானிய மொழியில் கிடைத்த பதிப்புகளையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தார். இதைத் திரைப்படமாக எடுத்தே தீர வேண்டும் என்ற முடிவுக்கு வந்தபோது, நடிகர்களை வைத்து எடுப்பதில்லை என்பதிலும் தெளிவாக இருந்தார். ராமன் கடவுள், அவனுக்கு ஒரு நடிகரின் முகத்தைக் கொடுப்பதைவிட, வரைந்துவிடுவதே சரி என்று நினைத்தார். 'ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா' என்ற அனிமேஷன் படம் கருக்கொண்டது அப்படித்தான்.

கருவிலேயே அதற்குச் சோதனை வந்தது. நாளிதழில் வந்த செய்தி ஒன்றைத் தவறாகப் புரிந்துகொண்டு, வெளிநாட்டுக்காரர் நம் ராமாயணத்தை இஷ்டத்துக்குப் படமாக்கக் கூடாது என்று விசுவ இந்து பரிஷத் டெல்லியிலிருந்த ஜப்பான் தூதரகத்துக்கு எதிர்ப்புக் கடிதம் அனுப்பியது. சாக்கோ பேசிப் புரியவைத்தார். அடுத்து இந்திய அரசோடு சேர்ந்து தயாரிக்கப் பார்த்தார். அயோத்திப் பிரச்சினை சூடாகிக்கொண்டிருந்த காலம் அது. அரசு கை கொடுக்கவில்லை. கடைசியில் பெரும்பகுதி வேலை ஜப்பானிலேயே நடந்தது.

இந்தியாவிலிருந்து கை கொடுத்தவர் ராம் மோகன். மும்பை பிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் 1956-ல் சேர்ந்தவர். டிஸ்னியில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் அங்கே வந்து பயிற்சி கொடுத்தபோது தொழில் கற்றவர். சத்யஜித் ராயின் 'சத்ரஞ்ச் கே கிலாடி' படத்தில் வரும் அனிமேஷன் பகுதி இவர் செய்ததுதான். சாக்கோ, கோயிச்சி சசாக்கி, ராம் மோகன் மூவரும் சேர்ந்து இயக்கினார்கள். இசை வன்ராஜ் பாட்டியா.

படத்தின் நீளம் 135 நிமிடம். ஒரு வினாடிக்கு 24 ஃபிரேம் என்று வைத்தால் மொத்தம் 1,94,400 ஃபிரேம். ஒரே ஓவியத்தை இரண்டு ஃபிரேமுக்குப் பயன்படுத்துவது அனிமேஷனில் வழக்கம். அப்படிப் பார்த்தாலும் லட்சத்தைத் தொடும். இந்தப் படத்துக்குச் சுமார் ஒரு லட்சம் செல் வரைந்ததாகச் சொல்லப்படும் கணக்கோடு இது ஒத்துப்போகிறது. செல் என்றால் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள். கோடு போட்டு, வண்ணம் தீட்டி, பின்னணி ஓவியத்தின் மேல் வைத்து ஒவ்வொன்றாகப் படம்பிடிப்பார்கள். கணினி இதையெல்லாம் எடுத்துக்கொள்வதற்கு முந்தைய காலம். சுமார் 450 கலைஞர்கள் உழைத்தார்கள்.

அவர்களில் ஜப்பானியக் கலைஞர்களுக்கு வில் வரையத் தெரியும், அரக்கன் வரையத் தெரியும், மலையும் மேகமும் கைவந்த கலை. வேட்டி தெரியாது. மடிப்பு எங்கே விழும், நடக்கும்போது எந்தப் பக்கம் விலகும், ஒரு பிள்ளை பெரியவர் காலைத் தொட்டு ஆசி வாங்கும்போது முதுகு எப்படி வளையும், பெரியவரின் கை தலையில் எங்கே படும் என்பதையெல்லாம் இந்தியக் கலைஞர்கள்தான் சொல்லிக் கொடுத்தார்கள். இந்தப் படத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பேன். பத்துத் தலை, பறக்கும் விமானம், கடல் தாண்டும் அனுமன் எல்லாம் பிரமாதம்தான். ஆனால் காட்டுக்குப் புறப்படும் ராமன் பெற்றவர்கள் முன் குனிந்து நிற்பதைப் பார்க்கும்போது நம் வீட்டுப் பிள்ளை நிற்பதாகத் தோன்றுகிறதே, அதுதான் பெரிய வித்தை.

1993 ஜனவரியில் டெல்லியில் நடந்த சர்வதேசத் திரைப்பட விழாவில் படம் முதல்முறை காட்டப்பட்டது. அதற்கு ஐந்து வாரத்துக்கு முன்பு, 1992 டிசம்பர் 6-ல், பாபர் மசூதி இடிக்கப்பட்டிருந்தது. நாடே கலவரத்தில் இருந்த நேரத்தில் ராமன் பெயரில் ஒரு படம் தியேட்டருக்கு வர வழியில்லை. பத்தாண்டு உழைப்பு பெட்டிக்குள் போனது. பின்னால் இந்தியில் குரல் கொடுத்து ஒரு வடிவம் தயாரானது. தூர்தர்ஷன் ராமாயணத்தில் ராமனாக நடித்த அருண் கோவில் இதில் ராமனுக்குக் குரல். அம்ரிஷ் பூரி ராவணனுக்கு. தியேட்டர் கைவிட்ட படத்தைத் தொலைக்காட்சி எடுத்து வளர்த்தது. 2000-களில் கார்ட்டூன் நெட்வொர்க் திரும்பத் திரும்ப ஒளிபரப்பியது.

அந்த வழியாகத்தான் அது குமுளிக்கு ஏறி வந்தது. தமிழும் மலையாளமும் ஒரே கடை வாசலில் பேரம் பேசும் ஊர். இந்திக்கு அங்கே வேலையில்லை. அத்தை வீட்டு டிவியில் நாங்கள் பார்த்தது இந்திக் குரலில். ஒரு வார்த்தை புரியாது. ஏலக்காய் ஸ்டோரில் காய் தரம் பிரித்துவிட்டு வந்த அத்தை, கால் நீட்டி உட்கார்ந்து கதை சொல்லத் தொடங்கும். கும்பகர்ணனை எழுப்பும் இடம் வந்தால் எங்களுக்குக் கொண்டாட்டம். படுத்திருந்தவன் எழுந்து நின்றதும் வானரங்கள் அவன் முழங்காலைக்கூட எட்டவில்லை. "பாவம்டா, அண்ணன் பண்றது தப்புனு தெரிஞ்சும் அவனுக்காகச் சண்டைக்குப் போறான் பாரு" என்று அத்தை சொல்லும். அத்தை சொன்ன பிறகு அந்த ராட்சசன் விழுவதைச் சிரித்துக்கொண்டு பார்க்க எங்களால் முடியவில்லை.

படத்தில் உருவம் ஓட, பக்கத்தில் இருப்பவர் கதையை விரித்துச் சொல்வது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. வடக்கே பாலக்காட்டுப் பக்கம் பகவதி கோயில்களில் தோல்பாவைக்கூத்து நடக்கிறது. மலையாள நாட்டில் நடக்கும் அந்தக் கூத்துக்கு ஆதாரம் நம் கம்பராமாயணம். கூத்துமாடத்தில் வெள்ளைத் திரை கட்டி, பின்னால் வரிசையாக 21 விளக்கு ஏற்றி, தோலில் வெட்டிய பாவைகளை ஆட்டுவார்கள். உளியால் குத்திய துளைகள் வழியே வெளிச்சம் வந்து நகையும் உடையும் மின்னும். புலவர் கம்பன் பாட்டைத் தமிழில் பாடுவார், பிறகு விளக்கம் சொல்வார். ஒரு பாட்டுக்கு எவ்வளவு நேரம் விளக்கம் என்பது அவர் திறமை. தாரிகன் என்ற அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் ராம ராவண யுத்தத்தைப் பார்க்க முடியாமல் போன பத்ரகாளிக்காக இந்தக் கூத்து என்று சொல்வார்கள். கேட்க ஆளே இல்லாத இரவிலும் அம்மனுக்காகக் கூத்து நடக்கும். கூனத்தறையைச் சேர்ந்த கிருஷ்ணன்குட்டிப் புலவர் இந்தக் கலையை வெளியுலகுக்குக் கொண்டுபோனார். அவர் மகன் ராமச்சந்திர புலவருக்கு 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. ராமனை நடிப்பதைவிட வரைவது சரி என்று ஜப்பான்காரர் யோசித்து எட்டிய இடத்தில் இந்தப் புலவர்கள் தலைமுறை தலைமுறையாக நின்றுகொண்டிருக்கிறார்கள்.

2025 ஜனவரி 24-ல் படம் ஒருவழியாக இந்தியத் தியேட்டர்களுக்கு வந்தது. பழைய பிரதியைத் துலக்கி 4கே தரத்தில், புதிய தமிழ்க் குரல்களோடும் வெளியிட்டார்கள். முதல் திரையிடலுக்கும் இதற்கும் 32 ஆண்டு இடைவெளி. சாக்கோ 2012-லும், ராம் மோகன் 2019-லும், வன்ராஜ் பாட்டியா 2021-லும் காலமாகிவிட்டார்கள். ராமனைக் கோட்டில் கண்டவரும், வேட்டி மடிப்பு தெரிந்தவரும், இசை தந்தவரும் இந்த வெளியீட்டைப் பார்க்கவில்லையே என்பது எனக்குத் தீராத வருத்தம்.

எனக்கு ஓர் ஆசை உண்டு. சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குப் போக, தமிழ்நாட்டாரும் கேரளத்தாரும் ஜீப்புக்காகக் குமுளியில் திரளுவார்கள். அதற்கு முந்தின இரவு ஊருக்குள் ஒரு திரை கட்ட வேண்டும். முதலில் பாலக்காட்டுப் புலவர்களை வரவழைத்துக் கும்பகர்ணன் வதையை விளக்கு வெளிச்சத்தில் ஆடச் சொல்ல வேண்டும். ஆடி முடித்ததும் அதே திரையில் சாக்கோவின் கும்பகர்ணன் எழுந்து நிற்க வேண்டும். தமிழ்க் குரல் இருக்கிறது. இருந்தாலும் அத்தையை முன்வரிசையில் உட்கார வைத்து ஒரு மைக்கையும் கையில் கொடுத்துவிடுவேன்.