வெளியூர்ச் சிக்னல்: அமெரிக்கச் செயற்கைக்கோள் தொலைக்காட்சி

டெக்சாஸில் இருக்கும் வீட்டு டிஷ்ஷில் நியூயார்க்கின் சிபிஎஸ் நிலையம் தெரிந்தால், அமெரிக்கச் சட்டப்படி அது வெளியூர்ச் சிக்னல். செயற்கைக்கோள் அலைக்கு ஊர் எல்லை கிடையாது. எல்லை போட்டது சட்டம்தான். அந்நாடு 210 தொலைக்காட்சிச் சந்தைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. சிபிஎஸ் போன்ற நெட்வொர்க்குகளின் நிகழ்ச்சிகளை அந்தந்தச் சந்தையில் காட்டும் உரிமையும், அதனால் வரும் விளம்பரப் பணமும் உள்ளூர் நிலையத்துக்கே. இந்தப் பிரிப்பு எப்போதும் பொருந்துவதில்லை. கொலராடோவின் லா பிளாட்டா மாவட்டம், பக்கத்து மாநிலமான நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கி சந்தையைச் சேர்ந்தது. அம்மாவட்டத்தின் டூராங்கோ நகரத்தார் சொந்த மாநிலத் தேர்தல் செய்தியைவிட அண்டை மாநிலத்துச் செய்தியையே பார்க்க நேர்ந்தது. டென்வர் நிலையங்களைச் சேர்த்துக்கொள்ள 2017-இல்தான் ஒளிபரப்பு ஒழுங்குமுறை ஆணையம் அனுமதி தந்தது.

கூரையில் ஆன்டெனா வைத்தும் உள்ளூர் நிலையம் போதிய வலுவில் கிடைக்காத வீட்டுக்கு மட்டுமே வெளியூர்ச் சிக்னல் விற்கலாம் என்றது 1988-ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் 'படம் சரியாகத் தெரியவில்லை' என்று சந்தாதாரர் சொன்னாலே இணைப்பு கொடுத்துவிட்டது பிரைம்டைம் 24 நிறுவனம். மயாமி கூட்டாட்சி நீதிமன்றம் 1998-இல் இதற்குத் தடை போட்டது. கொதித்தெழுந்த சந்தாதாரர்களைச் சமாளிக்க, உள்ளூர் நிலையங்களையே டிஷ் வழியே தரலாம் என்று 1999-இல் நாடாளுமன்றம் வழி திறந்தது. உள்ளூர் நிலையம் கிடைக்காத வீட்டுக்கு மட்டும் என்ற விதியை மீறியதாக டிஷ் நெட்வொர்க் என்ற செயற்கைக்கோள் நிறுவனமும் 2006-இல் வெளியூர்ச் சிக்னல் உரிமையை இழந்தது. பிறகு 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த உரிமத்தை வீட்டு வண்டிகள், லாரிகள், ஏதாவதொரு நெட்வொர்க்கின் நிலையம் இல்லாத சந்தைகள் என்ற அளவுக்குச் சுருக்கிவிட்டது. அதையும் 210 சந்தைகளிலும் உள்ளூர் நிலையங்களைத் தரும் நிறுவனமே பயன்படுத்தலாம்.

வெளியூர்ச் சிக்னலுக்கு எதிரான இந்தப் பாதுகாப்பு உள்ளூர் நிலையங்களின் கையில் நல்ல பேரம்பேசும் ஆயுதமானது. மறுஒளிபரப்புக்கு நிலையத்தின் சம்மதம் வேண்டும்; கட்டணத்தில் உடன்பாடு இல்லையென்றால் சேனல் டிஷ்ஷிலிருந்து மறைந்துவிடும். இதுவே இருட்டடிப்பு. சின்க்ளேர் குழுமத்தின் 129 நிலையங்கள் 2015 ஆகஸ்டில் டிஷ் நெட்வொர்க்கிலிருந்து மறைந்து, ஒரு நாளில் திரும்பின. நெக்ஸ்டார் நிலையக் குழுமத்துக்கும் டைரக்டிவி செயற்கைக்கோள் நிறுவனத்துக்கும் இடையிலான தகராறு 2023 ஜூலையில் தொடங்கி செப்டம்பர்வரை இழுத்தது. அப்போதும் வேறு ஊர் நிலையத்தை மாற்றாகக் கொடுக்க நிறுவனத்துக்குச் சட்டம் இடம் தருவதில்லை. வேடிக்கை என்னவென்றால், டிஷ்ஷில் மறைந்த அதே நிலையம் கூரை ஆன்டெனாவில் காசில்லாமல் தெரிந்துகொண்டுதான் இருக்கும்.